படுக்கை வைத்த லாரிக்கு ஒரு மனு

ஓர் அலுவலகத்துக்கு ஒரு மனு வந்தால், வந்த அன்றே தேதி முத்திரை வைத்து, பதிவேட்டில் ஏற்றி, எண் கொடுத்து, உரிய பிரிவுக்கு அனுப்ப வேண்டும். அந்த அலுவலகம் முடிவு செய்யக்கூடிய விஷயம் என்றால் முடிவு செய்து மனுதாரருக்குத் தெரிவிக்க வேண்டும். வேறு அலுவலகத்துக்கு உரியது என்றால் அங்கே அனுப்பிவிட்டு, அனுப்பிய செய்தியை மனுதாரருக்குத் தெரிவிக்க வேண்டும். எப்படிப் போனாலும் மனுதாரர் கைக்கு ஒரு கடிதம் போய்ச் சேர வேண்டும். இதுதான் விதி. வருவாய்த் துறை அலுவலகங்களில் முப்பத்து நான்கு ஆண்டுகள் இந்த விதியை நான் கடைப்பிடித்தேன். எனக்குக் கீழே இருந்தவர்களையும் கடைப்பிடிக்க வைத்தேன். தவறியவர்களிடம் விளக்கம் கேட்டு நான் எழுதிய குறிப்பாணைகளை அடுக்கினால் ஒரு மாட்டு வண்டி கொள்ளும்.

இதை இவ்வளவு விரிவாக எழுதக் காரணம், 1981-ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் நானே ஒரு மனு கொடுத்ததுதான்.

என் மனைவி பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தியவள். கரும்பலகையில் இந்தியப் படத்தைப் புத்தகம் பார்க்காமல் வரைவாள். கட்ச் வளைகுடாவில் வைத்த சாக்பீஸை வங்காளத்தில்தான் எடுப்பாள். நடுவில் கை நிற்காது. தெற்கே வந்ததும் மணிக்கட்டை ஒரு சொடுக்குச் சொடுக்கி முனையைக் கூராகத் திருப்புவாள். பதினேழு வருடம் அப்படித் திருப்பியவள் கடலைப் பார்த்ததில்லை. வெண்ணந்தூரில் பிறந்து ராசிபுரத்தில் வாழ்க்கைப்பட்டவளுக்குக் கடல் எங்கே இருக்கிறது? "அடுத்த கோடை விடுமுறைக்குப் போகலாம்" என்று நான் சொல்லி வந்த கோடை விடுமுறைகளில் ஒன்றில், தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போது அவளுக்கு முதுகுத்தண்டில் தட்டு விலகியது.

அதற்குப் பிறகு அவளால் நிற்க முடியும், கொஞ்சம் நடக்க முடியும், படுக்க முடியும். உட்காரத்தான் முடியாது. கால் மணி நேரம் உட்கார்ந்தால் இடுப்பில் தொடங்கும் வலி குதிகால் வரை இறங்கும். வேலையை விட்டாள். மூன்று வருடம் வீட்டுக்குள்ளேயே இருந்தாள். இந்த உலகம் முழுக்க உட்காருகிறவர்களுக்காகச் செய்யப்பட்டது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பஸ்ஸில் உட்கார வேண்டும், காரில் உட்கார வேண்டும். ரயிலில் படுக்கை உண்டே என்பார்கள். சேலம் போய் ஏறி, வழியில் இறங்கி மாறி, நடைமேடையில் மணிக்கணக்காகக் காத்திருந்து, விடிந்ததும் படுக்கையை மடக்கச் சொல்லும் சக பயணிகளிடம் எக்ஸ்ரே படத்தைக் காட்டி வாதாட வேண்டும். ஒருமுறை மதுரைக்கு முயன்றோம். திண்டுக்கல்லிலிருந்தே திரும்பினோம். அன்று சொன்னாள், "படுத்துட்டே போற மாதிரி ஒரு வண்டி இருந்தா அந்த மூலைய ஒருக்காப் பாத்துருவனுங்க." அந்த மூலை என்று அவள் சொன்னது கன்னியாகுமரியை. கோயிலை அல்ல, கரை திரும்புகிற இடத்தை.

அப்படி ஒரு வண்டி இருப்பதைக் கண்டுபிடித்தவன் அவளுடைய தம்பி. ஆத்தூரில் ஜவ்வரிசி வியாபாரம் செய்துவந்தான். வாயும் அதே அளவுக்கு வியாபாரம் செய்யும். திருச்செங்கோட்டுப் பக்கத்திலிருந்து ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகள் வடநாடு முழுவதும் போய், மாதக்கணக்கில் அங்கேயே கிடந்து பூமியைத் துளைப்பது எல்லோருக்கும் தெரியும். ரிக்கோடு ஆட்களும் போக வேண்டுமே; அவர்கள் எங்கே படுப்பது, எங்கே சமைப்பது? ஒரு ரிக் முதலாளி அதற்காகவே ஒரு பழைய லாரியை நாமக்கல்லில் பாடி கட்டும் பட்டறையில் விட்டு, மேலே கூரை போட்டு, இரண்டு பக்கமும் சங்கிலியில் தொங்கும் பலகைப் படுக்கைகள் வைத்து, மூலையில் மண்ணெண்ணெய் அடுப்புக்கு இரும்பு வளையம் அடித்து, கூரைமேல் தண்ணீர்த் தொட்டியும் ஏற்றியிருந்தார். அதற்கு ஊட்டு வண்டி என்று பெயர். ஊடு, அதாவது வீடு, மாதிரி இருப்பதால். மழைக்காலத்தில் வடக்கே வேலை கிடையாது. ரிக்குகள் ஊர் திரும்பிவிடும். ஆனியிலிருந்து புரட்டாசி வரை ஊட்டு வண்டி சும்மா நிற்கும்.

முதலாளியே வண்டியோடு வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிய, சுருக்கமாகப் பேசுகிற மனிதர்.

"எடுத்துட்டுப் போங்க சாமி. டீச்சரம்மா நம்ம பசங்களுக்குப் பாடஞ் சொன்னவங்க. டீசலு போட்டுக்குங்க, டிரைவருக்குப் படி குடுங்க. அப்புறம் உங்க இஷ்டம்."

இஷ்டம் என்பது நடைமுறை அல்ல. நாள் வாடகை இவ்வளவு என்று பேசி, அதை ஒரு தாளில் எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டோம். மச்சினன் அந்தத் தாளை எட்டிப் பார்த்துவிட்டு, "பெரியவரு குடுக்கறேங்கறாரு, மச்சான் பத்தரம் எழுதறாரு" என்றான். அப்போது எனக்கு அது வேடிக்கையாகப் படவில்லை. இப்போதும் படவில்லை, வேறு காரணத்துக்காக.

வெள்ளோட்டம் பார்த்தோம். அவளைப் பின்பக்கத்து இரும்புப் படிகளில் ஏற்றி, சன்னலோரப் பலகையில் இலவம்பஞ்சு மெத்தையை விரித்துப் படுக்க வைத்து, நாமகிரிப்பேட்டை வரை போய் வந்தோம். பலகையில் டீசல் வாடையும், பாறையைத் துளைத்த வெள்ளைத் தூசியும் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தன. அவள் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மைல் கற்களை ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படித்தாள். ஊர்ப் பெயர், தூரம், ஊர்ப் பெயர், தூரம். மூன்று வருடமாக அவள் பார்த்தது எங்கள் வீட்டு உத்தரத்தை மட்டுமே. மஞ்சள் மண்டிக்கு முன்னால் நிறுத்தி டீ வாங்கினோம். முழங்கையை ஊன்றிக்கொண்டு சன்னல் வழியாகவே டம்ளரை வாங்கிக் குடித்தாள். திரும்பி வந்து இறங்கியபோது வலி இல்லை. "இல்லீங்க" என்று இரண்டு முறை சொன்னாள், அவளுக்கே நம்பிக்கை வராததுபோல.

அன்று மாலையே திட்டமிடல் தொடங்கியது. அவள் குப்புறப் படுத்துக்கொண்டு பள்ளிக்கூட அட்லஸை முன்னால் விரித்து, சிவப்பு நூலைச் சாலையின் வளைவுகளுக்கு ஏற்ப வளைத்து வைத்து, பிறகு நீட்டி, அளவுகோலில் வைத்துத் தூரம் கணக்கிட்டாள். நாமக்கல், கரூர், திண்டுக்கல், மதுரை, திருநெல்வேலி, முனை. திரும்பும்போது தூத்துக்குடி, ராமநாதபுரம், தஞ்சாவூர் வழியாகக் கரையோடு வருவது. மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி அவள் நடக்க வேண்டும். கழிப்பறை உள்ள பயணியர் மாளிகைகள் எங்கெங்கே என்று நான் பட்டியல் எடுத்தேன். ஒவ்வொன்றுக்கும் இட ஒதுக்கீடு கேட்டு எழுதினேன். அவற்றுக்கு எட்டு நாளில் பதில் வந்தது என்பதை இங்கே பதிவு செய்கிறேன், ஏனென்றால் எட்டு நாளில் பதில் எழுத இந்த நாட்டில் முடியும். சன்னலுக்குக் கொசுவலை, அடுப்பு வளையத்துக்குள் பொருந்தும் பாத்திரம், நிற்கும் உயரத்தில் பிடித்துக்கொள்ள ஒரு கயிறு என்று அவள் எழுதிய பட்டியல் காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் வளர்ந்துகொண்டே போனது. அந்த முழு வழியையும் ஒரு தாளில் வரைபடமாக வரைந்தாள். ஆறுகளைக்கூட விடவில்லை.

மீதியிருந்தது ஒன்றுதான். சரக்கு வண்டியில் அதற்குரிய ஆட்களைத் தவிர வேறு யாரையும் ஏற்றிச் செல்ல அனுமதி வேண்டும். அனுமதி தரப் போக்குவரத்து அலுவலகம் இருக்கிறது. நான் அரசு ஊழியன். கேட்கலாம் என்றேன்.

"யாரைக் கேக்கோணும்?" என்றான் மச்சினன். "மாரியம்மன் பண்டிகைக்கு லாரி லாரியா ஆளேத்திட்டுப் போறானுங்க. அவனெல்லாம் மனுப் போட்டானா மச்சான்?"

"அவன் தப்புப் பண்ணினா நானும் பண்ணோணுமா?"

"நாமகிரிப்பேட்டைக்குப் போறப்ப சட்டம் தூங்கிப்போச்சாட்ட இருக்குது."

நான் தாளை எடுத்துக்கொண்டு மேசைக்குப் போனேன்.

மனுவை மூன்று படிகளில் எழுதினேன். பொருள், பார்வை, இணைப்பு எல்லாம் முறைப்படி. வண்டியின் பதிவுச் சான்று நகல், மருத்துவர் சான்று, வாடகை ஒப்பந்தம், அவள் வரைந்த வரைபடம். வரைபடத்துக்கும் மூன்று படி. கார்பன் வைத்தால் ஆறுகள் கலங்கிவிடும் என்று மூன்றையும் தனித்தனியாகக் கையால் வரைந்தாள், நின்றுகொண்டு, அலமாரியின் மேல்தட்டில் தாளை வைத்து. போக்குவரத்து அலுவலகம் எந்த ஊரில் என்று எழுதப் போவதில்லை. அங்கே இப்போது வேறு ஆட்கள் இருப்பார்கள், பாவம்.

சன்னலில் இருந்த எழுத்தர் மனுவை நான்கு முறை புரட்டினார்.

"இது லாரிங்களா, வேனுங்களா?"

"லாரிதானுங்க. உள்ள படுக்கை வெச்சிருக்குது."

"அடுப்பு?"

"இருக்குது."

"அப்ப ஊடுன்னு சொல்லுங்க."

"ஊட்டுக்கு ஏனுங்க நம்பர் பிளேட்டு?"

"அதையத்தானுங்க நானும் ரோசனை பண்றேன்." வாடகை ஒப்பந்தத்தை எடுத்தார். அவர் முகம் தெளிந்தது. மறுக்க ஒரு காரணம் கிடைத்தவனுக்கே வரும் தெளிவு. "வாடகைன்னு எழுதிட்டீங்களே. சொந்தக்காரன் வண்டியில சும்மா போறதுன்னா வேற. இது வாடகை. அதுக்கு ஒரு ஃபாரம் இருக்குது. அந்த ஃபாரத்துல படுக்கைக்கு எடமில்லீங்க."

ஒப்புகைச் சீட்டு கேட்டேன். புத்தகம் தீர்ந்துவிட்டது என்றார். புத்தகம் தீரும் முன் தேவைப் பட்டியல் அனுப்ப வேண்டும் என்று ஒரு விதி உண்டு; சொன்னேன். "நீங்க எந்த ஆபீஸுங்க?" என்று கேட்டார். சொன்னேன். "அதானே பாத்தேன்" என்றார்.

ஆடி வந்தது. பதில் இல்லை. பதிவஞ்சலில் முதல் நினைவூட்டு அனுப்பினேன். ஒப்புகை அட்டை மட்டும் திரும்பி வந்தது, படிக்க முடியாத ஒரு கையெழுத்தோடு. இரண்டாம் நினைவூட்டு. அவள் தினமும் சன்னலருகே நின்று தபால்காரர் வருவதைப் பார்ப்பாள். தெருமுனையில் ஊட்டு வண்டியை முதலாளி எங்களுக்காகவே நிறுத்தி வைத்திருந்தார். வேப்ப மரத்தடியில் நின்று, கூரையில் பழமும் இலையும் விழுந்து, கோழிகள் அடியில் முட்டையிடத் தொடங்கியிருந்தன.

ஆவணி முதல் வாரம் என் மேசைக்குத் தபால் கட்டு வந்தது. நடுவில் ஒரு கோப்பு. போக்குவரத்து அலுவலகத்திலிருந்து. 'மேற்படி ஊர்தியில் படுக்கையும் அடுப்பும் இருப்பதாக மனுதாரர் தெரிவிப்பதால், இது வசிப்பிடம் ஆகுமா என்பது குறித்துத் தங்கள் அலுவலகக் கருத்தினை அனுப்பி உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன்.' கீழே என் மனு. என் கையெழுத்து. அவளுடைய ஆறுகள்.

மாவட்டத்தில் இத்தனை அலுவலகங்கள் இருக்க, கோப்பு என்னிடமே வந்தது. அனுப்பிய செய்தியை மனுதாரருக்குத் தெரிவித்தார்களா? இல்லை. மனுதாரர் தானே திறந்து பார்த்துத் தெரிந்துகொண்டார்.

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று பலர் பலவிதமாகச் சொல்லிவிட்டார்கள். தன் சொந்த விஷயத்தை ஒருவர் தானே கையாளக் கூடாது. இது விதி மட்டுமல்ல, மானமும்கூட. கோப்பின் ஓரத்தில் 'இது என் சொந்த மனு. வேறு பிரிவு கவனிக்க' என்று எழுதி, பக்கத்துப் பிரிவின் உதவியாளர் மேசைக்கு அனுப்பினேன். இரண்டு மேசை தள்ளி. என்னைவிட ஐந்து வயது இளையவர். கையில் வந்த காகிதத்தை மறுநாளுக்கு வைக்காதவர் என்று பெயர் எடுத்தவர். நான்கு வரியில் முடிகிற விஷயம். 'இது வசிப்பிடம் அல்ல. சக்கரம் உள்ளது.'

அவர் எழுதவில்லை.

ஒரு வாரம், இரண்டு வாரம். ஒரே கெட்டிலிலிருந்து இரண்டு பேரும் டீ குடித்தோம். மழையைப் பற்றிப் பேசினோம். நான் கேட்டால் அது செல்வாக்கைப் பயன்படுத்துவது. கேட்கவில்லை. ஒவ்வொரு திங்களும் எல்லாப் பிரிவுகளின் தன்பதிவேட்டையும் சரிபார்ப்பது கண்காணிப்பாளராகிய என் கடமை. எந்தெந்தக் காகிதம் எத்தனை நாளாகக் கிடக்கிறது என்று அதில் தெரியும். தாமதமானவற்றுக்குச் சிவப்பு மையில் கோடு போடுவேன். அவருடைய பதிவேட்டில் என் மனுவின் வரி வரும்போது அதற்கு மட்டும் கோடு போடாமல் அடுத்த வரிக்குப் போனேன். சொந்த விஷயம். நான்கு திங்கட்கிழமை அப்படிப் போனேன்.

பல வருடம் கழித்து, நாங்கள் இருவரும் ஓய்வு பெற்ற பிறகு, ஒரு கல்யாணப் பந்தியில் அவர் சொன்னார்: "ஐயா விஷயமாச்சே, எப்படி எழுதோணும்னு ஐயாவே ஒரு வார்த்தை சொல்லுவீங்கன்னு காத்திருந்தேனுங்க. நீங்க சொல்லவே இல்ல. சரி, ஐயாவுக்கே இதுல இஷ்டமில்ல போலன்னு நெனச்சுக்கிட்டேன். வாராவாரம் பாக்கறீங்க, செவப்பு மையும் போடலீங்களே!" இலையில் பாயசம் இருந்தது. நான் இலையை மூடினேன்.

புரட்டாசி பிறந்ததும் ரிக் முதலாளி வந்தார். உட்காரவில்லை, அவள் நிற்கும் வீட்டில் உட்காருவது அவருக்குச் சங்கடம்.

"ஆயுத பூசை போட்டு மறுநாளு வண்டியெல்லாம் கெளம்போணும் சாமி. இன்னும் மூணு வாரந்தானுங்க. போறதுன்னா இப்பப் போயிருங்க."

"பதில் வரலீங்க."

"எங்க நிக்குதுங்க உங்க காயிதம்?"

அவளும் என் முகத்தைப் பார்த்து அதையே கேட்டாள். முப்பது வருடக் குடும்பத்தில் கோப்பு எங்கே இருக்கிறது என்பதை நான் அவளிடம் பொய் சொன்னதில்லை. "என்ற ஆபீஸ்ல" என்றேன்.

"உங்க ஆபீஸ்லயா?"

"என்ற மேசைக்குத்தான் வந்துது. நான் பக்கத்து மேசைக்கு அனுப்பிட்டேன்."

முதலாளி வாசலைப் பார்த்தார். வேப்பமரத்தைப் பார்த்தார். "நான் போயி வண்டியத் தொடச்சு வெக்கறனுங்க" என்று வெளியே போய்விட்டார்.

அவள் சமையலறைக்குப் போனாள், வந்தாள். பிறகு என் எதிரே நின்று, வகுப்பில் கேள்வி கேட்கும் குரலில் கேட்டாள்.

"ஏனுங்க, அந்த மனு யாரு போட்டது?"

"நான்."

"என்ற கையெழுத்து அதுல இருக்குதுங்களா?"

"இல்ல."

"நான் கெவருமெண்டு வேலையிலயும் இல்ல. அப்ப நான் போலாமுங்கல்ல?"

அதை மறுக்க எனக்கு விதி எதுவும் நினைவுக்கு வரவில்லை. எனக்குத்தான் தடை. அனுமதி வேண்டும் என்று எழுத்தில் ஒப்புக்கொண்டவன் நான். அனுமதி வருமுன் அதே வண்டியில் ஏறினால் என் மனுவே எனக்கு எதிரான சாட்சி. மனுப் போடாதவன் தாராளமாக ஏறலாம். இந்த நாட்டில் விதியை மதிக்கிறவனுக்குக் கிடைக்கும் ஒரே தனிச்சலுகை இது.

மச்சினன் தன் மனைவியோடு வந்து சேர்ந்தான். கொசுவலை கட்டியாகிவிட்டது. நிற்பதற்கான கயிறு கட்டியாகிவிட்டது. நான் வண்டிக்கு வெளியே நின்று அவளுடைய பட்டியலை ஒவ்வொன்றாகப் படித்து டிக் போட்டேன். மருந்து, சுடுதண்ணீர்ப் பை, பயணியர் மாளிகை ஒதுக்கீட்டுக் கடிதங்கள். அவை என் பெயரில், பழைய தேதியில் இருந்ததால், தேதியை மாற்றி மச்சினன் பெயரைச் சேர்க்கக் கேட்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன்.

"மச்சான், இப்பவும் ஒண்ணுங் கெட்டுப்போகல. ஏறுங்க."

"வேண்டாம்."

"யாரு பாக்கறாங்க?"

"நான் பாக்கறேனே."

"அட போங்க மச்சான், உங்களுக்கு நீங்களே மேலதிகாரி!"

அவள் சன்னல் வழியாகக் கை நீட்டி என் சட்டைப் பையிலிருந்த சிவப்பு மைப் பேனாவை எடுத்துக்கொண்டாள். "அட்லஸ்ல குறிக்கோணும்" என்றாள். வண்டி நகர்ந்தது. அடியிலிருந்த கோழிகள் கத்திக்கொண்டு ஓடின.

ஒன்பது நாள். காலையில் அலுவலகம் போனேன், இரண்டு மேசை தள்ளி அந்தக் கோப்பு கிடந்தது, மாலையில் வீட்டுக்கு வந்தேன். அவளுடைய நூல் அட்லஸோடு போய்விட்டது. ஆனால் எந்த நாள் எந்த ஊரில் இருப்பாள் என்று எனக்கு மனப்பாடம். அந்தத் திட்டத்தை நான் இன்னும் சொல்வேன்.

பத்தாம் நாள் வந்து இறங்கினாள், கறுத்துப்போய். குடிக்கத் தண்ணீர்கூட வாங்காமல் பேசத் தொடங்கினாள்.

"இத்தன வருசம் பிள்ளைங்களுக்குத் தப்பாப் போட்டுட்டனுங்க. முனை கூரா இல்லவே இல்ல. அங்க போய் நின்னா இந்தப்பக்கம் கொஞ்சம், அந்தப்பக்கம் கொஞ்சம், எது முனைன்னே தெரியல. மழுங்கிக் கெடக்குது. பென்சில் தேஞ்சாப்ல."

எவ்வளவு நேரம் நின்றாய் என்று கேட்டேன்.

"முக்கா மணி நேரம்."

"வழியில எங்கியாச்சும் நிறுத்துனாங்களா?" இதையும் கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

மச்சினன் சிரித்தான். "ஒரே எடத்துல போலீஸ்காரரு கை காமிச்சாரு. 'உள்ள என்ன லோடு'ன்னாரு. 'டீச்சரம்மா படுத்திருக்காங்க, முதுகு வலி, கடல் பாக்கப் போறாங்க'ன்னேன். 'அப்ப மெதுவா ஓட்டு'ன்னாரு. அவ்வளவுதான் மச்சான்."

நான் மூன்று படிகளில், நான்கு இணைப்புகளுடன் கேட்டதை, ஒரு மனிதர் சாலையோரத்தில் மூன்று சொற்களில் தீர்த்துவைத்திருந்தார். மச்சினன் குரலைத் தாழ்த்திக்கொண்டு இன்னொன்றும் சொன்னான். "அக்கா அங்க நிக்கறப்ப ரெண்டு தடவ திரும்பிப் பாத்துச்சு. என்னக்கான்னேன். 'பதில் வந்து உன்ற மச்சான் பஸ் ஏறி வந்திருப்பாரோன்னு பாத்தேன்'னு சொல்லுச்சு." கேலிக்காகச் சொல்லத் தொடங்கியவன், முடிக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்த வருடம் வடக்கே போன ஊட்டு வண்டி திரும்பி வரவில்லை. என்ஜின் போய்விட்டது, அங்கேயே விற்றுவிட்டோம் என்றார் முதலாளி. அடுத்ததாகக் கட்டிய வண்டியில் படுக்கைகளை மேலும் கீழுமாக அடுக்கிவிட்டார்கள். அவளால் அதில் ஏறிப் படுக்க முடியாது. எனக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. கோப்பு இரண்டு மேசை தள்ளியே இருந்தது. புதிய இடத்திலிருந்தும் நான் நினைவூட்டு அனுப்பினேன், மூன்று மாதத்துக்கு ஒன்று வீதம். பயணம் முடிந்துவிட்டது, இனி எதற்கு என்று என்னைக் கேட்டவர்கள் உண்டு. மனு முடியவில்லையே.

ஒரு வெள்ளிக்கிழமை விடுப்பில் வீட்டில் இருந்தேன். தபால்காரர் போக்குவரத்து அலுவலகத்தின் பழுப்பு உறை ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். அவள்தான் வாங்கினாள். வாசலிலேயே நின்று பிரித்து, மைல் கல் படித்த அதே குரலில் படித்தாள். 'பார்வையில் காணும் தங்கள் மனுவுடன், உத்தேசப் பயண வழித்தடத்தைக் காட்டும் வரைபடம் இணைக்கப்படவில்லை. அதனை மூன்று படிகளில் அனுப்பினால் தங்கள் கோரிக்கை பரிசீலிக்கப்படும்.'

மூன்று படிகள். தனித்தனியாக. நின்றுகொண்டு வரைந்தவை.

அன்றே நேரில் போய், எந்தப் பக்கத்தில் எந்த இணைப்பு இருந்தது என்று அவர்கள் கோப்பிலேயே காட்டப் போகிறேன் என்று வாசலில் நின்று கத்தினேன். அவள் அலமாரியிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, மேல்தட்டில் விரித்து, என் சிவப்பு மைப் பேனாவைத் திறந்தாள். அதை அவள் திருப்பித் தரவே இல்லை.

"கத்தாதீங்க. நல்லதாப் போச்சு. பழசுல முனை தப்பா இருந்துச்சு."

அவள் வரையத் தொடங்கினாள். தெற்கே வந்ததும் கையைச் சொடுக்காமல், மெதுவாக, மழுக்கித் திருப்பினாள். நான் அந்தக் கடிதத்தை எடுத்து, அதன் இடது மூலையில், பழக்கத்தால், பெற்றுக்கொண்ட நாளை எழுதினேன்: 9 மார்ச் 1984.